அடுப்பங்கரைப் புகையும் நெருப்பும்



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் குடும்ப நலம் என்று வந்தால் கருத்தடை, தடுப்பூசி, இரும்புச் சத்து மாத்திரை என்றுதான் பேச்சுப் போகும். இன்று விறகு அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். "அடுப்பு மூட்ட நீங்க இன்னா சார் எங்களுக்குச் சொல்லித் தர்றது?" என்று கேட்பீர்கள். நியாயந்தான். அடுப்பு மூட்டுவதில் உங்களிடம் நான்தான் பாடம் படிக்க வேண்டும். அந்தப் புகை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விடியற்காலையில் வீட்டுக்காரர் தொழிலுக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னே அடுப்பு எரிய வேண்டும். மழைக்காலமானால் கதவைச் சாத்தியிருப்பீர்கள், விறகு ஈரமாயிருக்கும், இடுப்பிலே கைக்குழந்தை இருக்கும். ஊதாங்குழலால் ஊத ஊதப் புகைதான் வரும். அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரியாத, மணமும் இல்லாத ஒரு விஷவாயு உண்டு. கார்பன் மோனாக்சைடு என்று பெயர். அது இரத்தத்தில் பிராணவாயு உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாய்க்குப் பிராணவாயு குறைந்தால் வயிற்றில் வளரும் சிசுவுக்கும் குறையும். குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புகையில் உள்ள நுண்ணிய தூசி நெஞ்சின் அடிவரை இறங்கும். பச்சைக் குழந்தைக்கு அது நிமோனியாக் காய்ச்சலை இழுத்து வரும். "நான் பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லையே, எனக்கு ஏன் இந்த இருமலும் இரைப்பும்?" என்று கேட்கும் பாட்டிமார்களுக்குப் பதில் பெரும்பாலும் அடுப்பங்கரையில்தான் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

"எங்க ஆயா காலத்துல இருந்து இதே அடுப்புதானே!" என்பீர்கள். அடுப்பு அதுவேதான். வீடு மாறிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனையோ ஓலைக் குடிசைகள் தளம் போட்ட வீடுகளாகிவிட்டன. ஓலைக் கூரை வழியே புகை கசிந்து வெளியேறும். சிமெண்டுத் தளத்தில் அதற்கு வழி இல்லை. வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்து உங்கள் மூக்கில்தான் ஏறும்.

கேஸ் இருக்கும் வீட்டில் அதுவே நல்லது. ஆனால் சிலிண்டர் மாற்றுவது மீன்பாட்டைப் பொறுத்தது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் விருந்தாளிக்கு டீ போட மட்டும் அதை மூடி வைத்திருக்கிறீர்கள். நான் சொல்வது இதுதான்: வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால், அந்தப் பத்து மாதமும், பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரையும், சிலிண்டர் அவளுக்கு. விருந்தாளி விறகடுப்பு டீயைக் குடித்துவிட்டுப் போகட்டும்.

இனி விறகு. புதிதாக வெட்டிய விறகில் ஏறக்குறையப் பாதி எடை தண்ணீர். மரத்துக்கு மரம் கொஞ்சம் கூடும், குறையும். அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரை சூடு பிடிக்காது, புகைதான் வரும். சவுக்கு பச்சையிலேயே எரியும் என்று காயவைக்காமல் விடுகிறோம். அது தப்பு. வேலிகாத்தானோ சவுக்கோ, மாசியில் வெட்டிப் பிளந்து, ஏரிக்கரை ஈரம் ஏறாமல் கல்லின்மேல் அடுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னே மூடிவிட வேண்டும். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். இது ஆண்பிள்ளைகள் வேலை. வலை காயவைக்கத் தெரிந்தவருக்கு விறகு காயவைக்கத் தெரியாதா?

பெயிண்டும் தாரும் பூசிய பழைய படகுப் பலகை, கரை ஒதுங்கிய உப்பு ஊறிய கட்டை, அறுந்த நைலான் வலை, பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. இவற்றின் புகை விறகுப் புகையைவிடக் கொடியது.

புகைபோக்கி வைத்த அடுப்பு ஒன்றும் புதிதல்ல. ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1953-இலேயே புகையில்லா அடுப்பைப் பற்றி நூல் எழுதினார். 1980-களில் அரசாங்கமே நாடெங்கும் கட்டிக் கொடுத்தது. 2002-இல் அத்திட்டம் நின்றது. அடுப்பு வந்ததே தவிர, குழாயில் அடைக்கும் கரியை யார் எடுப்பது என்பது பல வீடுகளில் முடிவாகவில்லை. அடைத்த குழாய் புகையை வீட்டுக்குள்ளேதான் தள்ளும். மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறிய பிறகு, நீளக் கழியில் சாக்குத்துணி சுற்றி உள்ளே இழுத்து எடுங்கள். குழாய் முனை கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் வேண்டாம். சுட்ட மண் குழாயோ தகரக் குழாயோ போதும்.

ஓலை வீட்டில் கூரையைத் துளைத்துக் குழாய் விடாதீர்கள். வீட்டைவிட்டு விலகி, தகரம் போட்ட தனிக் கொட்டகையில் சமையுங்கள். காற்று வரும் பக்கம் தட்டி கட்டாமல் மண்சுவர் வையுங்கள். சித்திரை வைகாசியில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் ஒரு பொறி போதும். குப்பத்தில் கூரைக்குக் கூரை தாவும். அடுப்புக்கு மேல் பரணில் விறகும் வலையும் வைப்பது, என்ஜின் மண்ணெண்ணெய்க் கேனைப் பக்கத்தில் வைப்பது, புகையும் அடுப்பில் மண்ணெண்ணெயை ஊற்றுவது மூன்றும் கூடவே கூடாது. முந்தானையைச் செருகிக்கொண்டு, பருத்திச் சேலையில் சமையுங்கள். கஞ்சி வடிக்கும்போது குழந்தை எங்கே என்று பார்த்துவிட்டுப் பானையைத் தூக்குங்கள். படுக்கப் போகுமுன் கொள்ளியை இழுத்துத் தண்ணீர் தெளியுங்கள். குளிருக்கு என்று கரித்தணலைச் சட்டியில் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். முன்னே சொன்ன விஷவாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

சேலையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். அருகில் இருப்பவர் ஈரச் சாக்கையோ கம்பளியையோ போர்த்த வேண்டும். சுட்ட இடத்தில் உடனே சாதாரணக் குளிர்ந்த நல்ல தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றிக்கொண்டே இருங்கள். இங்க், பற்பசை, மாவு, முட்டை எதையும் பூசாதீர்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மெட்டி, அரைஞாண் இவற்றைக் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான வெள்ளைத் துணியால் மூடி, 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை என்றால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.