மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரவலும்

தென் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் நாள்தோறும் வந்திறங்குவோரில் பலர், தெற்கு 24 பர்கானா மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் வருபவர்கள். அவர்கள் வாழும் நெருக்கமான குடியிருப்பும் அவர்கள் பணிபுரியும் பெரிய இல்லங்களும் வெவ்வேறு உலகங்களாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டையும் இணைப்பது மக்கள் சுவாசிக்கும் காற்று. காசநோய் பரவுவதும் அதன் வழியேதான்.

பாலிகஞ்சுக்குத் தெற்கே இரண்டாவது நிலையம் ஜாதவ்பூர். அங்கு இயங்கிய காசநோய் மருத்துவமனையில்தான் வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947-ஆம் ஆண்டு, தமது இருபதாம் வயதில் உயிர் நீத்தார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டிருந்தும், இந்திய நோயாளிகளுக்கு அது அன்று எளிதில் கிட்டவில்லை. இன்று மருந்து இருக்கிறது. எனினும் நோயாளியைக் காலத்தில் கண்டறிவது இன்னும் பெரும் பிரச்சினையாகவே உள்ளது.

இதில் எக்ஸ்ரேயின் பங்கு என்ன? எக்ஸ்ரே காட்டுவது நிழலையேயன்றிக் கிருமியை அன்று. நுரையீரலின் மேற்பகுதியில் குழிவு தென்பட்டால் கவலைக்கு இடமுண்டு. காசநோயால் ஏற்பட்ட குழிவாயின், அதில் காற்று புகுவதால் கிருமிகள் பெருகுகின்றன. மூச்சுக்குழாயுடன் அது இணைந்திருப்பதால் இருமலின்போது அவை வெளியேறுகின்றன. மாறாக, சுண்ணாம்பு படிந்த சிறு வடு பெரும்பாலும் ஆறிய பழைய தொற்றின் அடையாளமே. நுரையீரல் உறையில் நீர் கோத்திருப்பின் நோயாளிக்குச் சிகிச்சை தேவை. ஆனால் அதனால் மட்டும் பிறருக்கு நோய் பரவுவது அரிது.

1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரி ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. கல்கத்தா உள்ளிட்ட ஆறு மண்டலங்களில், நடமாடும் எக்ஸ்ரே சாதனங்கள் மூலம் மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். எக்ஸ்ரேயின்படி நோயுற்றோர் ஆயிரத்துக்கு 13 முதல் 25 பேர். சளியில் கிருமி காணப்பட்டோர் ஆயிரத்துக்கு 2 முதல் 8 பேர் மட்டுமே. நகரத்துக்கு நிகராகக் கிராமத்திலும் நோய் இருந்தது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வு மற்றோர் உண்மையை உணர்த்தியது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலும், ஏனையோர் சானடோரியத்திலும் சிகிச்சை பெற்றனர். வீட்டில் சிகிச்சை பெற்றோரின் குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் அபாயம் விளையவில்லை. முறையான சிகிச்சை தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவில் குறைகிறது. எனவே நோய் பெரிதும் பரவும் காலம், கண்டறியப்படுவதற்கு முந்திய காலமே.

1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் சளிப் பரிசோதனைக்கு முதன்மை அளித்தது. நுண்ணோக்கியைச் சிற்றூர் நிலையத்திலும் வைக்கலாம். கிருமியைக் கண்டால் ஐயமும் இல்லை. ஆனால் இருமலுடன் வருவோரை மட்டும் பரிசோதித்தால் போதுமா? 2019-2021 தேசிய ஆய்வு இதற்கு விடை தந்தது. 15 வயதுக்கு மேற்பட்டோரில், கிருமி உறுதி செய்யப்பட்ட நுரையீரல் காசநோய் லட்சத்துக்கு 316 பேருக்கு இருந்தது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் விசாரித்திருந்தால், நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் விடுபட்டிருப்பர்.

ஆகவே நிழலைக் கண்டவுடன் நோய் என்று முடிவு கட்டுவதும், இருமல் இல்லையென்று நிழலைத் தேடாதிருப்பதும் ஒருசேரத் தவறு. முன்னது தேவையற்ற மருந்தையும் வீண் அச்சத்தையும் தரும். பின்னது நோயைப் பரவவிடும். யாருடைய சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பதை எக்ஸ்ரே சுட்டட்டும். நோய் உண்டா என்பதை மூலக்கூறு பரிசோதனை உறுதி செய்யட்டும்.

கையில் எடுத்துச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவிகள் இன்று வந்துவிட்டன. 15 வயதுக்கு மேற்பட்டோரின் படங்களைக் கணினியே படித்துச் சலித்தெடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஏற்றுக்கொண்டது. இவ்வசதி நகரின் பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடலாகாது. அரை நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வர இயலாத உழைப்பாளியின் குடியிருப்புக்கே அது செல்ல வேண்டும். நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டால், அவர் வீட்டார் அனைவரும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பரிசோதிக்கப்பட வேண்டும். நோயில்லாத குழந்தைகளுக்குத் தடுப்புச் சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். படம் எடுத்தோர் எண்ணிக்கையை மட்டும் பதிவேட்டில் நிரப்புவது சாதனையாகாது. படத்தில் நிழல் தெரிந்த நாளுக்கும் முதல் மாத்திரை விழுங்கிய நாளுக்கும் உள்ள இடைவெளி எத்தனை குறைந்தது என்பதே திட்டத்தின் வெற்றியை அளக்கும் கோலாகும்.