சுமை இறங்கிய பின்



தமிழில் வீடு என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. குடியிருக்கும் மனையும் வீடு. எல்லாக் கட்டும் அற்ற விடுதலையும் வீடு. ஒன்று ஓரிடத்தில் நிலைபெறுவது. மற்றொன்று எவ்விடத்திலும் தங்காதது. இவ்விரு பொருளையும் ஒருசேரத் தாங்க முயலும் ஒரு பொருளைப் பற்றியதே இவ்வுரை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1930-களிலும் அதன் பின்னரும் சரக்குச் சுமந்த பழைய லாரிகளைச் சிலர் எடுத்து, நடமாடும் வீடுகளாக மாற்றி வருகின்றனர். அவற்றுள்ளும் அவர்கள் விரும்பித் தேடுவது தட்டை முகம் கொண்ட லாரி. முன்னே மூக்குப்போல் நீளும் பானெட் அதற்கு இல்லை. என்ஜின் கீழே இருக்க, ஓட்டுநர் அதன்மேல் அமர்ந்திருப்பார்.

இந்த வடிவம் அழகு கருதிப் பிறந்ததன்று. சட்டம் கருதிப் பிறந்தது. 1930-களில் அமெரிக்க மாநிலங்கள் பல, சாலையில் ஓடும் வண்டியின் மொத்த நீளத்துக்கு வரம்பு விதித்தன. வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. ஆனால் கணக்கு எங்கும் ஒன்றே. வண்டியின் முன்பகுதியில் 4 அடி குறைந்தால், பின்னே சரக்குக்கு 4 அடி கூடும். கூடிய ஒவ்வோர் அடியும் கூலி. எனவே மூக்கை விட்டுவிட்டு, ஓட்டுநரை என்ஜினின் மேல் ஏற்றினர். ஃபோர்டு நிறுவனம் 1938-இல் இவ்வகை லாரியைத் தன் தொழிற்சாலையிலேயே கட்டி விற்றது. செவ்ரலே, டாட்ஜ், இன்டர்நேஷனல் ஆகிய நிறுவனங்களின் வண்டிகளும் அக்காலத்தில் அவ்வடிவில் வந்தன. லேலண்ட் ஜேம்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்து அதிபர், கனமான வண்டிகளால் சரக்கு எடை குறைகிறதே என்று கருதி, 1940-களில் அலுமினியம் மிகுந்த தட்டை முக லாரிகளைத் தம் நிறுவனத்தின் வழியாகவே கட்டத் தொடங்கினார். ஃபிரைட்லைனர் என்ற பெயர் அவ்வாறு பிறந்தது.

யாப்பு அறிந்த இவ்வவைக்கு இது புதுமையன்று. வெண்பாவின் ஈற்றடி முச்சீரில் நிற்க வேண்டும் என்பது விதி. இடம் குறைந்ததால் அங்கே சொல் இறுகுகிறது. இறுகியதால் நினைவில் நிற்கிறது. தட்டை முக லாரியும் ஒருவகையில் அளவின் பிள்ளையே. கட்டுப்பாடு இல்லாதிருந்தால் அந்த முகம் தோன்றியிராது.

ஆனால் பாவலனின் கட்டுப்பாடு தானே ஏற்றது. லாரி ஓட்டுநரின் கட்டுப்பாடு அவர்மேல் ஏற்றப்பட்டது. இந்த வேறுபாட்டை மறந்து பழைய லாரியின் அழகை மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சாகும். இரு இருக்கைகளுக்கும் நடுவே என்ஜினை மூடிய ஒரு பெட்டி இருந்தது. அமெரிக்க ஓட்டுநர்கள் அதனை 'நாய்க்கூண்டு' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். கோடையில் அதன் வெப்பமும், எந்நேரமும் அதன் இரைச்சலும் அவருக்குத் துணை. இருக்கை முன் அச்சின்மேல் அமைந்ததால் சாலையின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் ஏறியது. மோதல் நேர்ந்தால் முழங்காலுக்கு முன்னே ஒரு தகடு மட்டுமே காவல். நெடுந்தூர வண்டிகளில் இருக்கைக்குப் பின்னே ஒடுங்கிய படுக்கை ஒன்று இருந்தது. அந்த வண்டியை முதலில் வீடாகக் கொண்டவர் அந்த ஓட்டுநரே. அவர் அதனை விரும்பிக் கொள்ளவில்லை.

பின்னர் வடிவம் வளர்ந்தது. கிளீவ்லாந்து நகரின் ஒயிட் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்த 3000 வரிசை லாரியில், ஓட்டுநர் அறை முழுவதையும் முன்பக்கமாகக் கவிழ்த்து என்ஜினைத் திறக்க வழி செய்யப்பட்டது. பழுதுபார்ப்பவரின் துன்பம் குறைந்தது, வடிவம் பரவியது. பின்னர் ஒரு சட்டமே அதற்கு முடிவுரை எழுதியது. 1982-ஆம் ஆண்டின் தரைப்போக்குவரத்து உதவிச் சட்டம் 1983 சனவரியில் அதிபர் ரீகனின் கையொப்பம் பெற்றது. தேசிய நெடுஞ்சாலை வலையத்தில் இழுவண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு விதிக்கலாகாது, டிரெய்லரின் நீளத்துக்கு மட்டுமே வரம்பு உண்டு, அதுவும் 48 அடிக்குக் குறையலாகாது என்று அது வகுத்தது. மூக்கு நீண்டால் சரக்கு குறையும் என்ற கணக்கு அன்றே பொய்த்தது. ஓட்டுநர்கள் நீண்ட மூக்கு வண்டிகளுக்கு மாறினர். ஃபிரைட்லைனரின் ஆர்கோசி என்னும் தட்டை முக வண்டியும் 2006-இல் வட அமெரிக்க விற்பனையிலிருந்து நீங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ மொத்த நீளத்துக்கு 16.5 மீட்டர் என்ற பொது வரம்பு தொடர்வதால், அங்கே நெடுஞ்சாலை இன்றும் தட்டை முகங்களால் நிறைந்திருக்கிறது. சட்டம் மாறிய இடத்தில் வடிவம் மாறியது; மாறாத இடத்தில் நிலைத்தது.

கைவிடப்பட்ட இவ்வண்டிகளையே இன்று சிலர் தேடிச் செல்கின்றனர். அவை பண்ணைகளின் ஓரத்திலும் பழைய இரும்புக் கிடங்குகளிலும் கிடக்கின்றன. சட்டம் கேட்காத வடிவத்தை, கூலி தராத வடிவத்தை, விருப்பத்தினாலேயே மீண்டும் எடுக்கின்றனர். புதுக்கவிதை எழுதலாம் என்ற உரிமை வந்த பின்னும் ஒருவர் வெண்பா எழுதுவதைப் போன்றது இது.

விருப்பம் மட்டும் போதாது. வடிவம் தன் விதிகளை விட்டுக்கொடுப்பதில்லை. 1938-ஆம் ஆண்டு ஃபோர்டு லாரியின் வி-8 என்ஜினுக்கு 85 குதிரைத்திறனே உண்டு. அதன் பற்சக்கரங்கள் சுமை இழுப்பதற்காக அமைந்தவை. இன்றைய நெடுஞ்சாலை வேகம் அதற்கு அந்நியம். மின்னமைப்பு 6 வோல்ட். வீட்டுக்கு வேண்டிய விளக்குக்கும் நீரிறைப்புக்கும் அது போதாது. 200 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் 200 கிலோ எடை. அதனைத் தாழ்வாக, அச்சுகளுக்கு இடையே வைக்காவிட்டால் வளைவில் வண்டி சாயும். கேபின் கவிழும் வகை லாரியானால் இன்னொரு சிக்கல். ஓட்டுநர் அறைக்கும் பின்னேயுள்ள வீட்டுக்கும் நிலையான வாயில் வைத்தால் கேபினைக் கவிழ்க்க இயலாது. கவிழ்க்காமல் என்ஜினைத் தொட இயலாது. ஆகவே இரண்டையும் தனித்தனியே விட வேண்டும், அல்லது நடுவே வளைந்துகொடுக்கும் உறை அமைக்க வேண்டும். எதுவாயினும், கவிழ்க்கும் முன் உள்ளே இருக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும்.

இங்கே இரு நெறியினர் உள்ளனர். ஒரு சாரார் பழைய சேசிஸ், பழைய என்ஜின், பழைய கேபின் ஆகியவற்றை அப்படியே காத்து, சரக்கு நின்ற இடத்தில் மட்டும் வீடு கட்டுகின்றனர். அவர்கள் மெதுவாகப் பயணம் செய்கின்றனர். மற்றொரு சாரார் பழைய கேபினை மட்டும் தூக்கி, புதிய சேசிஸின்மேல் பொருத்துகின்றனர். முகம் பழையது, பிரேக், ஸ்டீயரிங், என்ஜின் எல்லாம் புதியன. முதல் நெறியினர் இரண்டாமவரைப் பார்த்து, 'முகமூடி' என்கின்றனர். இரண்டாமவர் திருப்பிக் கேட்கும் கேள்வியும் பொருளற்றதன்று: குடும்பத்தோடு மலையிறக்கத்தில் செல்பவர் எண்பது ஆண்டு முந்தைய பிரேக்கை நம்ப வேண்டுமா?

இவ்வழக்கில் தீர்ப்பு ஒருபக்கமாக அமையாது. உயிர் காக்கும் பொருட்டுப் புதிய பிரேக் பொருத்துவது குற்றமன்று. ஆனால் வெட்டியதை மீண்டும் ஒட்ட முடியாது என்பதை வெட்டுமுன் எண்ண வேண்டும். எஞ்சியிருப்பவை மிகச் சில. கேபினின் பின்சுவரை அறுத்து வழி செய்தவர், அடுத்து வருபவர் அதனை லாரியாக மீட்கும் வாய்ப்பையும் சேர்த்தே அறுத்துவிடுகிறார். வீட்டைத் தனிப் பெட்டியாகக் கட்டிச் சேசிஸின்மேல் போல்ட்டுகளால் இறுக்கியவரோ அந்த வாய்ப்பை விட்டுவைக்கிறார். மரபைக் கையாள்பவர் எவருக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். பயன்படுத்துவதற்குத் தடையில்லை, பின்வருபவருக்கு மிச்சம் இருக்க வேண்டும்.

இலக்கிய அன்பர்கள் அறிந்த ஒரு வண்டியையும் இங்கே நினைவுகூரலாம். ஜான் ஸ்டீன்பெக் 1960-இல் தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்த வண்டி, பின்னே சிறு வீடு ஏற்றிய ஜி.எம்.சி. டிரக். அது மூக்குள்ள வண்டி. இவ்வுரையின் இனத்தைச் சேர்ந்ததன்று. இப்போது சலினாஸ் நகரில் அவர் பெயரால் அமைந்த மையத்தில் நிற்கிறது. அவர் அதற்கு இட்ட பெயர் ரோசினாந்தே; டான் குவிக்சாட்டின் குதிரையுடைய பெயர். அச்சொல்லுக்குள் 'ரோசின்' என்ற ஸ்பானியச் சொல் இருக்கிறது: சுமக்கும் சாதாரணக் குதிரை. 'ஆந்தே' என்றால் முன்பு. முன்பு சுமைக்குதிரையாய் இருந்தது என்பதை அப்பெயர் மறைக்கவில்லை, அறிவித்துக்கொண்டே நடக்கிறது.

வீடாக மாறிய லாரிகளுக்கும் இந்த நேர்மை தேவை. அவற்றின் கதவுகளில் ஒருகாலத்தில் உரிமையாளர் நிறுவனத்தின் பெயரும், ஊரும், ஏற்றத்தக்க எடையும் எழுதப்பட்டிருந்தன. வண்டியைப் புதுப்பிக்கும்போது சிலர் அந்த மங்கிய எழுத்துகளைத் தேய்த்து அழித்துப் பளபளக்கும் வண்ணம் பூசுகின்றனர். வேறு சிலர் துரு பரவாமல் தடுக்கும் பூச்சை மட்டும் மேலே இட்டு, எழுத்துகளை அப்படியே விடுகின்றனர். உள்ளே மெத்தை விரித்து உறங்குபவர், காலையில் இறங்கும்போது அந்தக் கதவைத் திறந்தே இறங்க வேண்டும். ஒடுங்கிய படுக்கையில் கண்ணயர்ந்து, விடியுமுன் எழுந்து, அடுத்த ஊருக்குச் சரக்கு சேர்த்த ஒருவரின் கையும் அதே கைப்பிடியைத்தான் பிடித்தது. அந்த எழுத்துகளை அழிக்காமல் விட்டவர்கள் நல்லது செய்தார்கள்.