சம்சாரிகள் ஏன் வானத்தைப் பார்த்தார்கள்?



போன மாதம் என் பேத்தி ஒரு கரிசல்காட்டுக் கதை படித்துக்கொண்டிருந்தாள். பிறந்து வளர்ந்ததெல்லாம் சென்னையில். திடீரென்று தலையைத் தூக்கி, "தாத்தா, மழை பெய்யலைன்னா கல்யாணம் ஆனவங்க மட்டும் ஏன் வானத்தைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். 'சம்சாரிகள்' என்று இருந்தது.

அவள்மேல் தப்பில்லை. சம்சாரி என்றால் குடும்பஸ்தன், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். கோவில்பட்டிப் பக்கம் போய்க் கேளுங்கள், சம்சாரி என்றால் விவசாயி. நான் அதைச் சொல்லவில்லை. "அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் சத்தமாப் படிம்மா" என்றேன். படித்தாள். சம்சாரிக்கு முன்னால் கலப்பை வந்தது. பின்னால் விதைக்கம்பு வந்தது, மாடு வந்தது. "அட, விவசாயியா!" என்றாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நண்பர்களே, தெரியாத சொல்லைக் கண்டு பயப்படாதீர்கள். அது யோக்கியமான சொல். 'என்னை உனக்குத் தெரியாது' என்று நேரே சொல்லி நிறுத்திவிடும். தெரிந்த முகம்போல வேஷம் கட்டி வருகிற சொல் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். நானே கவிழ்ந்திருக்கிறேன். வெகுநாளைக்கு முன்பு ஒரு யாழ்ப்பாணத்துக் கதை. விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டு வீட்டுக்காரி "ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்கிறாள். சரி, ஏதோ துக்க வீடு என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கம் சாவைத் தேடினேன். யாரும் சாகவில்லை! அவசரப்படாமல் மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று அந்த அம்மாள் உபசரித்திருக்கிறாள். அதே கதையில் 'துவாய்' என்றொரு சொல். வாழ்நாளில் கேட்டதில்லை. கிணற்றடியில் குளித்தவன் துவாயால் தலை துவட்டினான் என்றதும் துண்டு என்று விளங்கிவிட்டது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது.

முன்னும் பின்னும் பார் என்பது இன்றைய வாத்தியார்கள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. தொல்காப்பியர் உரியியலில் இதைத்தான் சொல்கிறார்: ஒரு சொல்லுக்குச் சொன்ன பொருளே எங்கும் நிற்காது, முன்னும் பின்னும் வருகிறவற்றை நாடிப் பொருளை உணர்த்து என்று. 'கடி' என்ற ஒரு சொல்லுக்கே காவல், கூர்மை, விரைவு, புதுமை, அச்சம் என்று பத்துக்கு மேல் அடுக்குகிறார். கடிநகர் என்றால் காவலுள்ள நகர். கடிமணம் என்றால் திருமணம். நம் கல்லூரிப் பையன்களைக் கேட்டால் இன்னொரு கடி சொல்வார்கள், அதை இந்த மேடையில் நான் செய்துகாட்ட வேண்டாம்.

அப்படியானால் அகராதி எதற்கு என்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதி கொண்டுவந்தது. லட்சம் சொற்களுக்கு மேல். அதில் கடியைப் பார்த்தால் பொருள்கள் வரிசை கட்டி நிற்கும். எதை எடுப்பது? படிக்கிற வரிதான் சொல்ல வேண்டும். முதலில் ஊகம், பிறகு அகராதி. என் பழக்கம் இது. முதல் வரியிலேயே செல்பேசியைத் தட்டினால் சொல் கிடைக்கும், கதை கையைவிட்டுப் போய்விடும்.

வரி பதில் சொல்லாத இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. ஆனால் சமணச் செய்திகள் வந்த இடமெல்லாம் முட்டின. என்ன செய்தார்? அந்த ஊரிலேயே இருந்த சமணர் வீடு தேடிப் போனார். அவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. கேட்டுக் கேட்டுத் தெளிந்து 1887இல் பதிப்பித்தார். சொல் யார் வாயில் புழங்குகிறதோ அவரைத் தேடிப் போவதற்கு அவர் வெட்கப்படவில்லை. கி.ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் அப்படி மக்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். இந்த நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்க வேண்டும் என்று நூலகர் அம்மாவை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றால் உடனே சொல்லிவிடாதீர்கள். "மேல் வரியையும் கீழ் வரியையும் படி, நீ என்ன நினைக்கிறே, சொல்லு" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். வாசலில் மேஜைமேல் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்குள் நீங்கள் முட்டிக்கொண்ட சொல் ஒன்று, முதலில் ஊகித்த பொருள், பிறகு தெரிந்த பொருள் மூன்றையும் அதில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் என் 'ஆறுதல்' இருக்கிறது.