திருடனா, திருடர்களா?

(ஆசிரியர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிறார் திரைப்பட விழாவைப் பள்ளியில் சிறப்பாக நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். சிறப்பாக நடத்தியவர்கள் பேச வேண்டிய தலைப்பு இது. நான் முதல் மாதமே கோட்டை விட்டவன். அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

2022-இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு படம் திரையிடும் திட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். முதல் படம் சார்லி சாப்ளினின் 'தி கிட்'. 1921-இல் வந்த மௌனப்படம். எங்கள் பள்ளி ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா லாரியில் போயிருப்பார், அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். செல்போனில் அரை நிமிடத்துக்கு ஒரு வீடியோ தள்ளிப் பழகிய விரல்கள். நூறு வருடப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இவர்கள் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். பொடியன் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடுவான். பின்னாலேயே முதுகில் கண்ணாடியைச் சுமந்தபடி சாப்ளின் ஒன்றும் தெரியாதவர் போல வருவார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், பையனை அனாதை விடுதிக்கு வண்டியில் ஏற்றியபோது அடங்கிப்போனார்கள். கூரை மேல் கூரையாக ஓடிப்போய்ச் சாப்ளின் அந்த வண்டியில் குதித்தபோது கைதட்டல்.

அப்புறம் விளக்கைப் போட்டு நான் எழுந்து நின்றேன். "இந்தப் படத்திலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டேன். நாற்பது கை உயர்ந்தது. "குழந்தையைக் கைவிடக் கூடாது சார்." "ஏழைகளுக்கு உதவ வேண்டும் சார்." "அன்பே பெரிது சார்." எல்லாம் சரியான விடைகள். அறிக்கையில் எழுதி, புகைப்படம் ஒட்டி அனுப்பிவிட்டேன்.

மதியம் தண்ணீர்க் குழாயடியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்து நின்றது. "சார், கண்ணாடிய ஒடைக்கச் சொல்லிட்டு அத வெச்சே சம்பாதிக்கிறது தப்புதானுங்க? அப்புறம் ஏன் சார் நமக்கு அவங்களப் புடிக்குது?"

அன்று வகுப்பில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். என் கேள்வி அதற்கு முன்னால் போய்க் கதவைச் சாத்திவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. படம் பார்த்துவிட்டுப் பேசுவது என்றால் என்ன என்று தெரியாதவன் அல்ல நான். இருபது வருடத்துக்கு முன்னால் நான் அதைக் கற்றுக்கொண்டதே இப்படி வேண்டாத கேள்விகளில்தான்.

2000-இல் சேலத்தில் பி.எட். படித்தேன். அஸ்தம்பட்டிப் பக்கம் ஓர் அறையில் ஐந்து பேர். நான்கு பேர் தமிழ்வழி. எங்களுக்கு ஆங்கிலப் படம் என்றால் ஜாக்கி சான். அவர் ஹாங்காங்காரர் என்பது யாருக்கும் உறுத்தியதே இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காசு போட்டு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம்.

அப்படி ஒரு ஞாயிறில் ஒரு நண்பரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டைப் போட்டோம். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர். 1977-இல் தொடங்கியது. லண்டனில் ஒரு மாலைநேர வகுப்பு. பல நாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருகிறார் ஜெரமி பிரவுன் என்ற ஆசிரியர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக ஆங்கிலத்தைப் போட்டு உடைப்பார்கள். தலைப்பாகை கட்டிய ரஞ்சித் சிங் எதற்கெடுத்தாலும் கைகூப்பி ஆயிரம் மன்னிப்புக் கேட்பார். அந்த வாரம்தான் நாங்கள் முதன்முதலாக வகுப்பறையில் நின்று மாதிரிப் பாடம் எடுத்திருந்தோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆத்தூர்ப் பக்கத்து நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். "நேத்து கிளாஸ்ல நான் 'வெட்னஸ்டே'ன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்க பாருங்க, இது அதே சிரிப்பு" என்றான்.

டெக்கை நிறுத்திவிட்டோம். இரவு ஒரு மணிவரை பேச்சு. அந்தத் தொடரில் பள்ளியின் முதல்வரம்மாவையும்தானே கேலி செய்கிறார்கள், இங்கிலாந்துக்காரரை மட்டும் விட்டார்களா என்றார் ஒருவர். விடவில்லைதான், ஆனால் அவருடைய ஆங்கிலத்தைக் கேலி செய்யவில்லையே என்றார் இன்னொருவர். அந்த ஊரிலேயே இந்தத் தொடர் மேல் இதே குற்றச்சாட்டு எழுந்தது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர் என்பதும் அப்படித்தான். அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முடிவும் எட்டவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த நண்பன் பாடம் எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தத் தொடரை இன்றும் ரசித்துத்தான் பார்க்கிறேன். பார்க்கும்போது அந்த 'வெட்னஸ்டே'யும் கூடவே கேட்கிறது.

அடுத்த கேசட், சென்னைக்குப் போய் ஃபிலிம் சொசைட்டியில் படம் பார்த்துவரும் பேராசிரியர் ஒருவர் கொடுத்தது. இத்தாலியப் படம், கீழே ஆங்கில எழுத்து ஓடும். விட்டோரியோ டி சிக்கா 1948-இல் எடுத்தது. போர் முடிந்த ரோம் நகரம். வேலையில்லாத அப்பா ஒருவருக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. அவருடைய சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைத்து அதை மீட்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருடு போகிறது. அப்பாவும் சின்னப் பையனும் ஊரெல்லாம் தேடுகிறார்கள். கடைசியில் அப்பா தாமே ஒரு சைக்கிளைத் திருடப் போய், மகன் கண் முன்னால் பிடிபடுகிறார். கதை இவ்வளவுதான். நடித்தவர் நடிகரே அல்ல, தொழிற்சாலைத் தொழிலாளி. சத்யஜித் ரே 1950-இல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் 'பதேர் பாஞ்சாலி'யை எப்படி எடுப்பது என்று தெளிந்தார்.

கேசட்டின் மேல் 'தி பைசைக்கிள் தீஃப்' என்று போட்டிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "அமெரிக்காவில் ஒருமையாக்கிவிட்டார்கள். இத்தாலியத் தலைப்பு பன்மை. இங்கிலாந்தில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்றே வைத்தார்கள். ஆங்கில ஆசிரியர் ஆகப் போகிறீர்கள், யோசித்துப் பாருங்கள்" என்றார்.

ஒருமை பன்மை மயக்கத்துக்காக ஆயிரம் நோட்டுகளில் சிவப்பு மையால் சுழித்திருப்போம். ஒரு பன்மைக்காக ஓர் இரவு முழுக்கச் சண்டை போட்டது அன்றுதான். அஸ்தம்பட்டி டீக்கடையில் நின்றுகொண்டு, ஒரு திருடன் அந்த இளைஞன், இன்னொருவர் யார் என்று கேட்டுக்கொண்டோம். அப்பாதான் என்றேன் நான். திருட்டு சைக்கிளைப் பிரித்து விற்கிற சந்தைக்காரர்களை விட்டுவிட்டாயே என்றார் ஒருவர். அடகுக்கடையில் கூரைவரை அடுக்கிக் கிடந்ததே ஊரார் படுக்கை விரிப்பு, அதற்கு என்ன பெயர் என்றார் ஆத்தூர் நண்பர். டீ ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் முழுக்கதையையும் ஒரு முறை சொல்லச் சொன்னார். சொன்னோம். "சைக்கிள் இல்லீன்னா வேல இல்லைன்னு சொன்னானே, அவன எந்தக் கணக்குல சேப்பீங்க?" என்றார்.

படத்தைப் பார்க்காதவர் கேட்டது அது. எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு சின்ன விலகல், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியப் படம் நமக்கு அந்நியம் என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. ஏற்காடு சாலையில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். அதை 1930-களில் நிறுவிய டி.ஆர். சுந்தரம் நம் திருச்செங்கோட்டுக்காரர். நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனவர். சேலத்தில் படம் எடுக்க எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் வந்து 'மந்திரிகுமாரி'யை இயக்கினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் இங்கிருந்துதான் போனது. பாரிஸில் ஆல்பர்ட் லமோரிஸ் வண்ணத்தில் எடுத்த ஒரு சிவப்பு பலூன் வெளிவந்ததும் அதே 1956-இல்தான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண் விரிகிறது. தலைப்பில் திருடர்கள் இருப்பதும் அவர்களுக்குப் பிடிக்கும்.

அந்த 'ரெட் பலூன்'தான் அக்டோபர் மாதம் நமக்கு வந்தது. 34 நிமிடப் படம். பேச்சே அநேகமாக இல்லை. ஒரு சிறுவனின் பின்னாலேயே நாய்க்குட்டி போல ஒரு பலூன் சுற்றுகிறது. பேருந்தில் ஏற்ற மறுக்கிறார்கள். பலூன் வகுப்புக்குள் புகுந்ததற்காகத் தலைமை ஆசிரியர் பையனை ஓர் அறையில் போட்டுப் பூட்டுகிறார். எங்கள் தலைமை ஆசிரியர் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தன. நல்லவேளை, அவரே முதலில் சிரித்துவிட்டார்.

இந்த முறை நான் எதுவும் கேட்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு நானும் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. நமக்கு அது எவ்வளவு கொடுமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக ஒரு பையன், "கவட்டை வெச்சு பலூன அடிச்ச பசங்க வில்லனா சார்? அவுங்களுக்குப் பலூன் கெடைக்கலேல்ல?" என்று ஆரம்பித்தான். மணி அடித்த பிறகும் பேச்சு போனது. குழாயடிக் கேள்வியைக் கேட்ட பிள்ளை அன்று வகுப்பிலேயே கேட்டது.

அந்தத் தைரியத்தில் ஜனவரியில் ஒன்பதாம் வகுப்புக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்டேன். இது நானாகச் செய்தது. ஒவ்வொரு காட்சிக்கும் நிறுத்தித் தமிழில் சொல்லிக்கொண்டே வந்ததில் இரண்டு நாள் ஆனது. அப்பா பிடிபட்டு, கூட்டம் அவரை அறைந்து தள்ளிக்கொண்டு போகும் இடம் வந்தபோது ஒரு பையன் எழுந்து வெளியே போய்விட்டான்.

எனக்கு அவன் வீட்டுக் கதை தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். வகுப்பாசிரியர் பிறகு சொன்னார். அவன் அப்பா லாரி ஓட்டுநர். டீசல் திருடினார் என்று சொல்லி வேலை கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் வைத்தே அவரை அடித்திருக்கிறார்கள். இவன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். திருடினாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. படத்தைப் போட்டிருக்கவே கூடாதோ என்று நினைத்தேன். மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், அவனே ஆய்வக வாசலில் நின்றுகொண்டு, முடிவை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னான். இருவரும் பார்த்தோம். பையன் அழுவதைப் பார்த்து சைக்கிள்காரர் அப்பாவைப் போகவிடுகிறார். அப்பா நடக்கிறார், அழுகிறார். பையன் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான்.

"அப்பாவோட தொப்பி கீழ கெடந்துச்சுல்ல சார். அவன் எடுத்துத் தட்டித் தொடச்சான்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் அப்பாகிட்ட ஒண்ணுமே கேக்கலீங்க சார்" என்றான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று முதல் இரண்டு காரியம் செய்கிறேன். எந்தப் படமானாலும் வகுப்பாசிரியரோடு சேர்ந்து முதலில் பார்த்துவிடுகிறேன். யாருக்கு எந்த இடம் வலிக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். எழுந்து வெளியே போகலாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுகிறேன். 'நீதி என்ன' என்று கேட்பதை விட்டுவிட்டேன். அறிக்கையில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எழுதுகிறேன். இதுவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

அந்தப் பையன் இப்போது எங்கள் பள்ளியிலேயே பிளஸ் ஒன் படிக்கிறான். விலையில்லா மிதிவண்டி கொடுத்த அன்று மாலை புது சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தான். சாவியை உயர்த்திக் காட்டி, "பூட்டு போட்டுட்டேன் சார்" என்று சிரித்தான்.