கடலின் மேல் உடலோம்பல்



உல்லாசக் கப்பலில் பயணம் செய்வோர் தம் உடல் நலத்தை எவ்வாறு பேணுவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உண்டு, உறங்கி, கடற்காற்று வாங்கிவரச் செல்பவனுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று உங்களில் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பு நியாயமானதுதான். ஆயினும், இச்சிறு பொருளினுள்ளே நம் காலத்துப் பெரு வினா ஒன்று அடங்கிக் கிடக்கின்றது. உழைப்பையெல்லாம் பொறி ஏற்றுக்கொண்ட பிறகு, மனிதனுடைய உடம்பு என்ன செய்யவேண்டும் என்பதே அவ்வினா. கப்பலின் வரலாறு அதற்கு ஒருவாறு விடை கூறுகின்றது.

பாய்மரக் கப்பல்களின் காலத்தை முதலில் நோக்குவோம். கயிறு இழுப்பதும், பாய்மரத்தின் உச்சி வரை ஏறிப் பாய் சுருட்டுவதும், நங்கூரம் எடுப்பதும், உள்ளே கசிந்த நீரை இறைப்பதும் மாலுமியின் அன்றாட வேலைகள். இத்தகையவனுக்குத் தனிப் பயிற்சி வேண்டுவதில்லை என்றே தோன்றும். ஆனால், நெடும்பயணத்திலே இடநெருக்கடியும் சோர்வும் மாலுமிகளை வாட்டின. 1787 டிசம்பரில் 'பவுண்டி' என்னும் சிறு கப்பல், ஈரப்பலாக் கன்றுகளைக் கொண்டுவரும் பொருட்டு இங்கிலாந்திலிருந்து டஹீட்டித் தீவை நோக்கிப் புறப்பட்டது. அதில் இருந்தோர் 46 பேர். தலைவர் வில்லியம் பிளை, தம் ஆட்களின் உடல்நலத்தில் மிகுந்த கருத்துடையவர். ஆகவே, பார்வை மங்கிய மைக்கேல் பர்ன் என்னும் பிடில்காரன் ஒருவனையும் கப்பலில் சேர்த்துக்கொண்டார். அவன் வாசிக்க, மாலைதோறும் மாலுமிகள் தளத்திலே ஆடவேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1788 அக்டோபரில் இருவர் ஆட மறுத்தனர். பிளை அவர்களுக்குரிய மதுப் பங்கை நிறுத்திவிட்டார். 1789 ஏப்ரல் 28 அன்று அக்கப்பலிலே கலகம் மூண்டது. பிளையைச் சிறு படகில் இறக்கிவிட்டார்கள். ஆட மறுத்த இருவரும் கலகக்காரர் பக்கமே நின்றனர். கலகத்திற்குக் காரணங்கள் பல. பிடிலின் மேல் பழி சுமத்துவது பொருந்தாது. எனினும் ஆசிரியனாகிய எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகின்றது. பிரம்பைக் காட்டி ஓடவைத்த பிள்ளை, பிரம்பு மறைந்ததும் நின்றுவிடுகின்றான். விருப்பம் பிறவாத இடத்தில் பயிற்சி வேர் ஊன்றுவதில்லை.

அடுத்து நீராவிக் காலம் வந்தது. பாய்களும் கயிறுகளும் மறைந்தன. 1865 இல் சுவீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் என்பவர், ஸ்டாக்ஹோம் நகரிலே பொறிகளைக் கொண்டு உடற்பயிற்சி அளிக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். இன்று நாம் காணும் பயிற்சிப் பொறிகளுக்கு அவருடைய பொறிகளை முன்னோடி எனலாம். இவ்வகைப் பொறிகள் விரைவிலே கப்பலிலும் ஏறின.

1912 ஏப்ரலில் புறப்பட்டு மூழ்கிய 'டைட்டானிக்' கப்பலை அறியாதார் யார்? அதன் மேல்தளத்திலே முதல் வகுப்புப் பயணிகளுக்கென ஒரு பயிற்சிக்கூடம் இருந்தது. துடுப்பு வலிக்கும் பொறி, மிதிவண்டிப் பொறி, மின்சாரக் குதிரை, மின்சார ஒட்டகம் ஆகியன அங்கே இருந்தன. மெக்காலி என்னும் பயிற்சியாளர் ஒருவரும் இருந்தார். கப்பலோடு அவரும் மாண்டார்.

இப்பொழுது மேல்தளத்திலிருந்து நேர் கீழே இறங்கி வாருங்கள். அங்கே 29 கொதிகலன்கள். அவற்றிற்கு 159 உலைவாய்கள். நாளொன்றுக்கு 600 டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை மனிதர்கள் மண்வாரியால் அள்ளி அள்ளி அவற்றுள் எறிந்தார்கள். நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, மீண்டும் வேலை. இதுவே அவர்களுடைய முறை. மேலே ஒருவர், எங்கும் செல்லாத படகுக்குத் துடுப்பு வலித்து வியர்வை சிந்துகின்றார். கீழே ஒருவர், எல்லோரையும் சுமந்து செல்லும் கப்பலுக்குக் கரி அள்ளி வியர்வை சிந்துகின்றார். முன்னவர் உழைப்பை விலை கொடுத்து வாங்கினார். பின்னவர் அதனை விற்று வயிறு வளர்த்தார். உழைப்பை முற்றும் இழந்தவருக்கும் அளவு மீறி உழைத்தவருக்கும் நடுவே எங்கோ உடல் நலம் இருக்கின்றது. இதனைச் சிந்தியுங்கள்.

இன்றைய உல்லாசக் கப்பல்களிலே கரி இல்லை. 2024 ஜனவரியில் மயாமித் துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்னும் கப்பலின் நீளம் 365 மீட்டர். அதற்கு இருபது தளங்கள். ஏறத்தாழ 7,600 பயணிகள் வரை ஏறலாம். மிதக்கும் நகரம் என்றே சொல்லலாம். இத்தகைய கப்பல்களிலே பயணிக்கு நேரும் இடர் யாது? புயலன்று, உணவுக்கூடம். காலை முதல் நள்ளிரவு வரை உணவு காத்திருக்கின்றது. தளத்திற்குத் தளம் செல்ல மின்தூக்கி காத்திருக்கின்றது. நடக்கவேண்டிய தேவை ஒன்றேனும் இல்லை.

நான் ஓய்வு பெற்றபின், என் மகளும் மருமகனும் சிங்கப்பூரிலிருந்து செல்லும் உல்லாசக் கப்பல் ஒன்றிலே என்னை நான்கு நாட்கள் அழைத்துச் சென்றார்கள். முதல் நாட்காலை பயிற்சிக்கூடத்திலே இடம் கிடைக்கவில்லை. ஓடுபட்டைப் பொறிக்கு வரிசை கட்டி நின்றார்கள். இரண்டாம் நாள் பாதிப் பொறிகள் ஓய்ந்திருந்தன. மூன்றாம் நாள் நானும் மற்றொரு முதியவருமே அங்கு இருந்தோம். உணவுக்கூடத்திலோ மூன்று நாட்களும் கூட்டம் குறையவே இல்லை! பொறிகள் பழுதாகவில்லை, அவற்றை நாடி வந்த ஊக்கம் பழுதாகிவிட்டது. முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடி, மறுநாள் கால்வலியால் படுத்தவர்கள் பலர். நாளைக்கு அரைமணி என்று தொடங்கியிருந்தால் நான்கு நாளும் வந்திருப்பர்.

இனி, கப்பலிலே பயிற்சி செய்வோர் அறியவேண்டிய சிலவற்றைக் கூறுகின்றேன். பல கப்பல்களிலே பயிற்சிக்கூடம் உயர்ந்த தளத்திலே, முன்முனையிலே அமைந்திருக்கும். நம் கடற்கரை மக்கள் இம்முன்முனையை அணியம் என்பார்கள். அங்கிருந்து பார்த்தால் கடல் விரிந்து தோன்றும். காட்சிக்கு அது சிறந்த இடம். ஆனால் அலை எழும்போது மிகுதியாக ஆடும் இடமும் அதுவே. சீசாப் பலகையின் நடுவிலே இருப்பவனைவிட, முனையிலே இருப்பவன் உயர்ந்து தாழ்வதில்லையா? அதே விதிதான். தளம் விரைந்து மேலெழத் தொடங்கும்போது, கையிலுள்ள இரும்புக் குண்டு கனம் கூடியதுபோல் இருக்கும். கீழிறங்கத் தொடங்கும்போது குறைந்ததுபோல் இருக்கும். மின்தூக்கி புறப்படும் கணத்திலே நம் உடலே இதனை உணர்கின்றதன்றோ? ஆகையால், கடல் கொந்தளிக்கும் நாளிலே கையால் தூக்கும் எடைகளையும் ஓடுபட்டைப் பொறியையும் விடுத்து, உட்கார்ந்து மிதிக்கும் மிதிவண்டிப் பொறியை நாடுவது அறிவுடைமை. தலைசுற்றல் கண்டால் பயிற்சியை நிறுத்தி, திறந்த தளத்திற்குச் சென்று தொடுவானத்தை நோக்கி இளைப்பாற வேண்டும்.

பயிற்சிக்கூடமே வேண்டாம் என்பார்க்கும் வழி உண்டு. படிக்கட்டு இருக்கின்றது. 1953 இல் ஜெரெமி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் லண்டன் பேருந்து ஊழியரைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். நாள் முழுதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளிலே ஓயாது ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்களுடைய இடுப்புச் சுற்று பெரிதாக இருந்ததையும், சீருடைகளின் அளவைக் கொண்டே 1956 இல் அவர்கள் காட்டினார்கள். ஆகவே, நோய்க்கு உடலமைப்பின் வேறுபாடும் ஒரு காரணமாகலாம். ஆயினும், உடலுழைப்புக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் உறுதிப்படுத்தின. மாரிஸ் 2009 இல் மறைந்தபோது அவருக்கு வயது 99. பத்துத் தளமுள்ள கப்பலிலே மின்தூக்கியை மறந்துவிட்டால், அந்த நடத்துநர்களின் படிகள் உங்களுக்கும் கிடைத்துவிடும்.

தளத்தைச் சுற்றி நடப்பதும் நன்று. 'குயின் மேரி 2' என்னும் கப்பலின் ஏழாம் தளத்தை மூன்று முறை சுற்றினால் ஒரு மைலுக்குச் சற்று மேலாகும். தண்டால், பஸ்கி ஆகிய நம் பழைய பயிற்சிகளுக்கோ ஆறடி இடம் போதும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். துறைமுகத்தில் இறங்கும் நாளிலே, வண்டியை விடுத்து ஊரை நடந்தே பாருங்கள். கண்ணுக்கும் காலுக்கும் ஒருங்கே பயன் உண்டு.

எவ்வளவு செய்வது என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட நெறிமுறை, வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், அதனுடன் வாரத்திற்கு இருமுறையேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கின்றது. ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்கோ சராசரியாக நாள்தோறும் 60 நிமிடம். கப்பலில் ஏறியவருக்கென அது சலுகை எதுவும் தரவில்லை. பரீட்சைக்குப் படிப்பவருக்கும் தரவில்லை!

பரீட்சை என்றதும் உங்கள் முகம் மாறுவது எனக்குத் தெரிகின்றது. மாணவ நண்பர்களே, உல்லாசக் கப்பலில் நீங்கள் ஏறும் நாள் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அக்கப்பலின் வாழ்க்கை நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பள்ளி செல்ல வண்டி வருகின்றது. மாடி ஏற மின்தூக்கி வருகின்றது. உணவோ, கைப்பேசியில் விரல் வைத்தால் வாசலுக்கு வருகின்றது. நாற்பதாண்டுகளுக்கு முன்பு என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் நாள்தோறும் மூன்று மைல் நடந்து பள்ளிக்கு வந்தார்கள். அவர்களுக்கு உடற்பயிற்சியைப் பற்றி நான் சொற்பொழிவு ஆற்றவேண்டிய தேவை ஏற்படவில்லை. உங்களுக்கு ஆற்றவேண்டியிருக்கின்றது. அந்நடை கொடிது, அது மறைந்தது நன்று. ஆனால் அந்நடை அவர்கள் கால்களுக்குத் தந்த வலிமையும் உடன் மறைந்துவிடலாகாது.

ஆகவே, பவுண்டிக் கப்பலின் பிடிலுக்காகக் காத்திராதீர்கள். மின்சாரக் குதிரை வேண்டுமென்றும் காத்திராதீர்கள். நாளை விடியற்காலையில் எழுந்து, அரைமணி நேரம் விரைந்து நடவுங்கள். மறுநாளும் நடவுங்கள். மூன்றாம் நாள்தான் கடினமான நாள். அன்று தவறாமல் நடவுங்கள். மூன்றாம் நாளை வென்றவர்களுக்கு நான்காம் நாள் எளிதாகும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். நீங்கள் எழுதவேண்டிய சித்திரங்கள் பல இருக்கின்றன.