சந்தானாவின் வீட்டிலே விருந்தாளிகள்

நாம் நெடுங்காலமாக விரும்பிக் கேட்டுவந்த ஒரு கலைஞன் திடீரென்று எல்லோருக்கும் பிடித்தவனாகிவிட்டால் நமக்கு மகிழ்ச்சிதான் உண்டாக வேண்டும். பெரும்பாலும் கோபமே உண்டாகிறது. அந்தக் கோபத்திலே எவ்வளவு நியாயம் உண்டு என்பதே இன்றைய எனது பேச்சு. எடுத்துக்கொண்டது, 'சந்தானா' என்னும் லத்தீன் றொக் இசைக்குழு 1999 ஜூனில் வெளியிட்ட 'சுப்பர்நச்சுரல்' என்ற இறுவட்டு. இலக்கிய நிகழ்ச்சியிலே இதற்கென்ன இடம் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். இரசனை பற்றிய வழக்கு எந்த மன்றில் நடந்தாலும் அது நம்முடைய வழக்கே.

மெக்சிக்கோவிலே 1947இல், மரியாச்சி இசைக்கும் வயலின் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் கார்லொஸ் சந்தானா. சன் பிரான்சிஸ்கோவில் அவர் அமைத்த குழு, தன் முதல் இசைத்தட்டு வெளிவருமுன்னரே, 1969 ஓகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவிலே மேடையேறியது. கொங்காவும் டிம்பாலேயும், 20 வயதுக்காரரான மைக்கேல் ஷ்ரீவின் மேளமும் ஒன்றையொன்று துரத்த, கிற்றார் அவற்றின் நடுவே புகுந்து புகுந்து வந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'அப்ராக்ஸஸ்' அந்தக் குழுவின் பெயரை நிலைநாட்டியது.

1992இன் 'மிலாக்ரோ'வுக்குப் பின் குழுவின் புதிய ஸ்டூடியோத் தொகுப்பு ஏதும் வராதிருந்த நிலையில், இசைத்தட்டு நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸுடன் கார்லொஸ் மீண்டும் கைகோத்தார். றொப் தோமஸ், லோறின் ஹில், டேவ் மத்யூஸ், மெக்சிக்கோவின் மானா குழு, எரிக் கிளப்ரன் எனப் பாடகரும் கலைஞரும் விருந்தாளிகளாக அழைக்கப்பட்டனர். 'ஸ்மூத்' என்ற பாடல் அமெரிக்கத் தரவரிசையில் 12 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 'மரியா மரியா' 10 வாரங்கள். 2000ஆம் ஆண்டிலே ஒரே இரவில் 8 கிராமி விருதுகள் சந்தானாவுக்குக் கிடைத்தன.

இனிக் கேட்டவர்களின் தீர்ப்புக்கு வருவோம். பழைய அன்பர்கள், தன் வீட்டிலேயே கார்லொஸ் விருந்தாளியாகிவிட்டார் என்றனர். அவரவர் பாட்டை அவரவர் பாட, இவர் இடைவெளிகளை நிரப்புகிறாராம். எனது நண்பர் ஒருவர், 'அப்ராக்ஸஸ்' தட்டைத் தேயத் தேயக் கேட்டவர், 'ஸ்மூத்' தொடங்கினால் வானொலியை நிறுத்திவிடுவார். என்னிடம் படித்த மாணவன் ஒருவனோ அந்தப் பாடலாலேயே கிற்றார் கற்கப் புறப்பட்டான்.

நண்பரின் முறைப்பாட்டிலே ஒரு பகுதி நிற்காது. பிறர் பாட்டை வாங்கிப் பிறரைப் பாடவைத்தார் என்பதுதான் குற்றமானால், அந்தக் குற்றம் 1970லேயே நடந்தாயிற்று. 'ஒயே கோமோ வா' நியூயோர்க் வாத்தியக் கலைஞர் டிற்றோ புவென்ரேயுடையது. 'பிளாக் மஜிக் வுமன்' ஆங்கிலேயரான பீற்றர் கிறீனுடையது. அதைப் பாடியவர் கார்லொஸ் அல்லர், ஓகன் வாசித்த கிறெக் றோலி. இரவற் பாட்டைத் தன் வீட்டுப் பாட்டாக மாற்றியதே அந்தக் குழுவின் பெருமை.

மற்றப் பகுதி நிற்கும். பழைய தட்டிலே தாளம் முதலில் வருகிறது, பாட்டு அதன்மேல் வந்து அமர்கிறது. பாடுபவரின் குரலும் வாத்தியங்களில் ஒன்றுபோலத்தான். 'ஸ்மூத்' பாடலிலே சா-சா-சா நடை அடியில் ஓடினாலும், அது பாடகரைத் தாங்கும் தரைதான். கொங்காவும் டிம்பாலேயும் தமக்குள்ளே பேசிக்கொள்ள அவகாசமில்லை. கிற்றார் மாத்திரம் பாடகரின் ஒவ்வொரு அடிக்கும் மறுமொழி சொல்லி இரண்டாவது பாடகராகவே வருகிறது. கேட்க இனிமைதான், எனக்கும் பிடிக்கும். ஆயினும் இழந்தது கிற்றார் அன்று, அந்தத் தாளங்களின் உரையாடல். நண்பர் இதைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன்.

ஆனால் அவர் தொகுப்பை முழுதாகக் கேட்டாரா என்பது என் ஐயம். அமெரிக்கக் குடிவரவுப் பொலிசாரைக் குறிக்கும் கொச்சைச் சொல்லையே தலைப்பாகக் கொண்ட 'மிக்ரா' அதிலே இருக்கிறது. மானாவுடன் ஸ்பானிய மொழியிலேயே அமைந்த 'கொறசோன் எஸ்பினாடோ' இருக்கிறது. பாடகரே இல்லாத 'எல் பாரோல்' இருக்கிறது. விளக்கு என்று பொருள்படும் அந்த வாத்திய இசை தனியாகவே ஒரு கிராமி பெற்றது. வானொலி நிலையங்கள் இரண்டு பாடல்களை ஓயாது ஒலிபரப்பினால், அவையே தொகுப்பு என்று எண்ணிக்கொள்கிறோம்.

எனது சொந்தக் குறை வேறு. 2002இல் 'ஷாமன்', 2005இல் 'ஓல் தட் ஐ ஆம்' என்று அதே விருந்து திரும்பத் திரும்ப நடந்தது. முதல் விருந்திலே யார் எதைச் சொல்லப்போகிறார்கள் என்ற ஆவல் இருந்தது. பின்னவற்றிலே அழைப்பிதழைப் பார்த்ததுமே பந்தியின் பதார்த்தங்கள் தெரிந்துவிட்டன. 2016இல் றோலி, ஷ்ரீவ் முதலிய பழைய தோழர்கள் கூடி 'சந்தானா 4' வெளியிட்டபோது நண்பர் ஒருவாறு மனமிரங்கினார். மாணவனும் அதைக் கேட்டான். மிக நீளம் என்றான்.

வாய்ப்புள்ள நேயர்கள் 'அப்ராக்ஸஸ்' தொகுப்பிலுள்ள 'சம்பா பா தி'யையும் 'எல் பாரோ'லையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப்பாருங்கள். இரண்டிலும் பாடகர் இல்லை. இரண்டுக்கும் இடையே 29 ஆண்டுகள். எது பழையது என்று கேட்பவரிடம் சொல்லாமலே போட்டுக் காட்டலாம். நண்பருக்கும் அப்படித்தான் போட்டுக்காட்டுவதாக இருக்கிறேன்.