வாத்தியக்காரரின் வசீகரம்

வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர் மேல் மற்றவர்களுக்கு ஓர் ஈர்ப்பு வந்துவிடுகிறது என்பது பழைய நம்பிக்கை. அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க வசதியான இடங்களில் ஒன்று, தலவில திருவிழாவுக்குப் போகும் யாத்திரை பஸ்ஸின் கடைசிச் சீற். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில் இருக்கிறது தலவில புனித அன்னம்மாள் திருத்தலம். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் நடக்கும் அதன் திருவிழாக்களுக்குச் சிங்களவரும் தமிழரும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மர நிழலில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நாட்கணக்கில் தங்குகிறார்கள். பஸ் பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலையைத் தாண்டுகிற நேரத்தில், முன்சீற்றில் செபமாலை முடிந்திருக்கும். பின்சீற்றில் ரபான் தொடங்கியிருக்கும்.

ரபான் என்பது ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்த வட்ட மேளம். இடக்கையில் நிமிர்த்திப் பிடித்து வலக்கை விரல்களால் தட்டுவார்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகிவிடும். அதனால் கூடாரத்துக்கு வந்ததும் அடுப்புத் தணலுக்கு நேரே காட்டிச் சூடேற்றி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே சுற்றிலும் ஆள் சேர்ந்துவிடுகிறது, வாசிப்பு இன்னும் தொடங்காதபோதே. அடிப்பவர் அழகராக இருக்க வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறும்போது யாரும் திரும்பிப் பார்க்காதவராகக்கூட இருக்கலாம். பாட்டின் வேகம் அவர் விரலில் இருப்பதால் எல்லாக் கண்ணும் அவர் பக்கம் போகிறது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. எல்லாரும் எழுந்து ஆடும்போது உட்கார்ந்தே இருக்க வேண்டியவரும் அவர்தான். கை இரண்டும் வேலையாக இருப்பவருக்கு யாருடைய கையையும் பிடிக்க முடியாது.

அந்த பஸ்ஸில் பாடப்படுவது பெரும்பாலும் பைலா. போர்த்துக்கேய மொழியில் ஆடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரும், அவர்கள் காலத்திலும் பின்னரும் இங்கே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் வழிவந்த காபிரியரும் வளர்த்த கபரிஞ்ஞா என்ற ஆட்ட இசையில் இருந்துதான் அது கிளைத்தது. காபிரியரின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய மாஞ்சா இசை மெதுவாகத் தொடங்கி, போகப் போக வேகம் பிடிக்கும். வாத்தியங்கள் என்றால் ரபான், தேங்காய்ச் சிரட்டை, வெற்றுப் போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி. காசு கொடுத்து வாங்கிய வாத்தியம் வைத்திருப்பவர்தான் கவர்ச்சியானவர் என்ற கணக்கு இங்கே செல்லாது. போத்தல் எல்லார் வீட்டிலும் உண்டு. தாளம் பிசகாமல் அதைத் தட்டத் தெரிந்தவர் யார் என்பதுதான் கேள்வி.

1940களில் பைலாவைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வொலி பஸ்தியன். தொழிலால் அவர் பொலிஸ்காரர். வாத பைலா என்ற போட்டியில் இருவர் மேடையேறி, கொடுத்த மெட்டுக்கு அந்த இடத்திலேயே வரி கட்டி ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். அங்கே கூட்டத்தைக் கவர்ந்தது குரல் மட்டுமல்ல, சட்டென்று பதில் வரும் மூளையும்தான். 1970களில் இந்தத் தாளம் தமிழ்ப் பொப்பிசைக்குள் வந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரோடு மேடை ஏறிய காலம் அது. மனோகரன் பாடித் தமிழ்நாடு வரை போன சுராங்கனிப் பாட்டில், அந்தப் பெண்ணுக்காகக் கொண்டுவரப்படுவது பாட்டோ பூவோ அல்ல, மீன். கரையோரத்தில் எது எடுபடும் என்று தெரிந்தவர்கள் கட்டிய பாட்டு.

இசைக்கும் துணை தேடுவதற்கும் தொடர்பு உண்டு என்று அறிவியல் முறையில் முதலில் வாதிட்டவர் சார்ள்ஸ் டார்வின். 1871இல் வெளியான மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் அவர் பறவைகளை உதாரணம் காட்டினார். ஆண் பறவை பாடுகிறது, பெண் பறவை தேர்ந்தெடுக்கிறது. மனிதனின் மூதாதையரும் பேச்சு வருவதற்கு முன்பே இசை ஒலிகளால் துணையைக் கவர்ந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். தமிழில் இனிய குரல் உள்ள பெண்ணைக் குயில் என்பது வழக்கம். ஆனால் தென்னந்தோப்பில் விடியற்காலையில் குக்கூ என்று நீட்டிக் கூவுவது கறுப்பு நிற ஆண் குயில். புள்ளி போட்ட பெண் குயிலின் குரல் கீச்சென்று கரகரத்து வரும், கேட்க அவ்வளவு இனிமையில்லை. வாத்தியத்துக்கே உதாரணம் வேண்டுமானால் வட அவுஸ்திரேலியாவின் பனைக் கொண்டைக்கிளி இருக்கிறது. ஆண் கிளி ஒரு குச்சியை முறித்துச் சரிசெய்து, காலில் பிடித்து, பொந்துள்ள மரத்தில் தாளக்கட்டோடு தட்டும். ஒவ்வொரு கிளிக்கும் தனித்தனித் தாளம் உண்டு என்று 2017இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மனிதரிடம் செய்த சோதனைகள் இவ்வளவு தெளிவாக இல்லை. இஸ்ரேலில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இளைஞரின் படத்துடன் நூறு மாணவிகளுக்கு முகநூல் நட்பு வேண்டுகோள் அனுப்பினார்கள். பாதிப் பேருக்குப் போன படத்தில் அவர் கையில் கிற்றார் இருந்தது. மற்றப் பாதியில் இல்லை. கிற்றார்ப் படத்துக்கு 50இல் 14 பேர் சாதகமாகப் பதில் தந்தார்கள், வெறுங்கைப் படத்துக்கு 5 பேர். அவர் ஒரு சுரம்கூட வாசித்துக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை செய்தது வாத்தியத்தின் படம் மட்டுமே. பிரான்சில் தெருவில் கிற்றார் உறையைத் தூக்கிக்கொண்டு நின்று பெண்களிடம் தொலைபேசி எண் கேட்ட ஆய்வு இதைவிடப் பிரபலம். ஆனால் அதைச் செய்தவரின் பல ஆய்வுகளுடைய தரவுகள் மேல் சக ஆய்வாளர்கள் பின்னர் கடுமையான கேள்விகள் எழுப்பினார்கள். அதனால் அந்த எண்களை நம்பி யாரும் கிற்றார் உறை வாங்கத் தேவையில்லை.

2017இல் வியன்னாவில் இருந்து வெளியான ஆய்வு வேறொரு வழியில் போனது. இசையைக் கேட்ட பிறகு ஆண்களின் முகப்படங்களைப் பார்த்த பெண்கள், இசை கேட்காமல் பார்த்தவர்களைவிட அந்த முகங்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள். படத்தில் இருந்தவர்களுக்கும் இசைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இசை உடம்பில் எழுப்பிய படபடப்பை மனம் எதிரே தெரிந்த முகத்தின் கணக்கில் எழுதிவிட்டது. ஆண்களிடம் அந்த விளைவு தென்படவில்லை. திருவிழாக் கூட்டத்தில் இதற்கு ஒரு பொருள் உண்டு. ரபான் அடிப்பவர் கிளப்பிவிட்ட கிளர்ச்சியின் பலன் அவருக்கே போக வேண்டும் என்றில்லை. பக்கத்தில் கைதட்டிக்கொண்டு நிற்பவருக்கும் போகலாம். சுவீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரின் விவரங்களை வைத்து 2015இல் வெளியான ஆய்வோ, இசைத்திறன் உள்ளவர்களுக்குத் துணை கிடைப்பதில் பொதுவாகத் தனிச் சாதகம் எதையும் காணவில்லை. ஒரு நிமிடம் திரும்பிப் பார்க்க வைப்பது வேறு, வாழ்க்கையில் பங்கு கிடைப்பது வேறு என்றுதான் இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது.

இந்த வேறுபாடு தமிழ்க் காப்பியங்களுக்குப் புதிதல்ல. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையை வீணைப் போட்டியில் வெல்பவருக்கே மணம் முடித்துக் கொடுப்பதாக அறிவிக்கிறார்கள். சீவகன் வந்து முதலில் செய்வது வாசிப்பதல்ல, கொண்டுவந்து கொடுத்த கருவிகளை ஒவ்வொன்றாகக் குற்றம் சொல்லித் தள்ளுவது. ஒன்று நீரில் கிடந்து அழுகிய மரத்தில் செய்தது, இன்னொன்று இடி விழுந்த மரம், வேறொன்றின் நரம்புக்குள் மயிர் இருக்கிறது. விரல் நரம்பில் படுவதற்கு முன்பே அவன் பாதி வென்றுவிட்டான். கவர்ச்சி கருவியைக் கையில் வைத்திருப்பதில் இல்லை, அதை உள்ளும் புறமும் அறிந்திருப்பதில் இருக்கிறது என்பதைத் திருத்தக்கதேவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். பெருங்கதையின் உதயணன் கோடபதி என்ற யாழால் மதயானையை அடக்குகிறான். பிறகு வாசவதத்தைக்கு யாழ் கற்றுக்கொடுக்க வந்து அவள் மனத்தையும் பெறுகிறான்.

மறுபக்கத்தைச் சொல்வது சிலப்பதிகாரத்தின் கானல்வரி. அதுவும் ஒரு கடற்கரைத் திருவிழாக் காட்சிதான். இந்திர விழா முடியும் தறுவாயில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரையில் புன்னை நிழலில் இருக்கிறார்கள். மாதவி யாழைத் திருத்தி, சுதி சேர்த்து, கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் காவிரியையும் கடற்கரைப் பெண்ணையும் வைத்துப் பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் போலும் என்று நினைக்கும் மாதவி, யாழை வாங்கி, தனக்கும் வேறொருவன் மேல் நாட்டம் இருப்பதுபோலப் பாடிக் காட்டுகிறாள். அவளுக்கு அது ஊடல், அவனுக்கு அது ஆதாரம். எழுந்து போனவன் திரும்பவில்லை. இருவரையும் கலையே சேர்த்து வைத்திருந்தது, பிரித்ததும் அதே கலைதான். வாசிப்பவரின் விரலைப் பார்த்து மனத்தைப் படித்துவிட்டதாகக் கேட்பவர் நினைத்துக்கொள்வதை இளங்கோவடிகளைப்போல் நுணுக்கமாகக் காட்டியவர்கள் குறைவு.

காப்பியத்தை விட்டு ஊருக்கு வந்தால், எந்த வாத்தியம், யார் கையில் என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க விடிய விடியக் கூட்டம் காத்துக் கிடந்தது. 1898 முதல் 1956 வரை வாழ்ந்த அவருக்கே, நாதஸ்வரக்காரர் மேடையில் சமமாக உட்கார்ந்து வாசிக்கும் மரியாதைக்காகப் போராட வேண்டியும் இருந்தது. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் கையைத் தமிழ்நாடே வியந்து பார்த்தது. அப்படிப்பட்ட கலைஞர்களின் வாசிப்பைச் சாமம் வரை இருந்து ரசித்த வீடுகள், சம்பந்தம் பேசும்போது அந்தப் பக்கம் திரும்பியதில்லை. பறை அடித்தவர்களின் நிலை இதிலும் கொடுமை. அவர்களுடைய தாளம் இல்லாமல் ஊரில் சாவு எடுபடாது, அவர்களுக்கோ ஊருக்குள் இடமில்லை. காதைக் கவர்ந்தவரைச் சாதி வாசலிலேயே நிறுத்திவிட்டது. டார்வினின் பறவைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள் நாதஸ்வரக்காரனையே காதல் நாயகன் ஆக்கியது. 1968இல் அது படமானபோது, கன்னம் உப்ப, புருவம் நெரிய சிவாஜி கணேசன் வாசிப்பதைப் பார்த்து மயங்கியவர்களுக்குக் கணக்கில்லை. ஒலி மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களுடையது. முகம் ஒருவருக்கும் நாதம் வேறிருவருக்கும் சொந்தம் என்று தெரிந்தும் மயக்கம் குறையவில்லை.

கிற்றாருக்கு வேறொரு கதை. கிற்றார் தூக்கித் திரிகிற பெடியன் என்று ஒரு வீட்டுப் பெரியவர் சொன்னால் அது பாராட்டல்ல. வேலைவெட்டி இல்லாதவன், பெண் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதற்காகவே திரிகிறவன் என்று அதற்கு அர்த்தம். மகளை இழுக்கும் அதே கருவி தகப்பனைத் தள்ளிவிடுகிறது. அதே பெடியன் கோவிலில் பாடற்குழுவுக்குக் கீபோட் வாசித்தால் அபிப்பிராயம் சற்று இளகும். ஞாயிற்றுக்கிழமை காலையில், பங்குத்தந்தையின் கண்முன்னே, பெற்றோரும் சேர்ந்து கேட்கிற வாசிப்பு அது.

பெண்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மேடையில் வாத்தியம் வாசித்த பெண்ணை நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்த சமூகம், வீட்டுக்குள் வீணை வாசிக்கும் பெண்ணைச் சம்பந்தத்துக்கு உகந்தவளாகப் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளைத் தரம் தரமாகத் தாண்டி, கலாவித்தகர் பட்டம் வரை போன பெண்கள் ஏராளம். அவர்களில் பலர் ஆசிரியைகளாகவும் கச்சேரிக் கலைஞர்களாகவும் ஆனார்கள். இன்னும் பலருக்கு அந்தச் சான்றிதழ் கலியாணப் பேச்சில் சாதகத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு தகுதியாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் ஒரு கீர்த்தனை வாசித்துக் காட்டுவார்கள். கலியாணத்துக்குப் பிறகு வீணை பழைய சேலையில் சுற்றப்பட்டு, அறை மூலையில் நிறுத்தப்படும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால், வெக்கையில் மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறிவிடும். பிறகு தந்தியைத் தொட்டால் சுரம் சேராது. மறுபடி மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுவதற்குக் கைதேர்ந்த ஆளைத் தேட வேண்டும்.